நகரத் துப்பறியும் நடை விளையாட்டுகளின் வரலாறு

நகரத் துப்பறியும் நடை விளையாட்டு என்பது, வழிகாட்டி எவரும் இல்லாமல் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஒரு நகரின் தெருக்களில் நடந்து, அங்கே கிடைக்கும் துப்புகளைக் கொண்டு ஒரு கற்பனைக் குற்றத்தின் முடிச்சை அவிழ்க்கும் விளையாட்டு. ஆட்டக்காரரின் கையில் ஒரு சிறு புத்தகமோ, கைபேசிச் செயலியோ, ஓர் உறை நிறையத் தாள்களோ இருக்கும். அது அவரை ஒரு பழைய தேவாலய வாசலுக்கோ, சந்தைத் திடலில் நிற்கும் சிலைக்கோ அனுப்பும். சிலையின் பீடத்தில் பொறித்திருக்கும் ஆண்டின் இலக்கங்களைக் கூட்டினால் ஓர் எண் வரும். அந்த எண் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கும். இப்படி ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுபவரே குற்றவாளி. பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

இன்று இது சாதுவான விடுமுறைப் பொழுதுபோக்கு. குடும்பங்களும் நண்பர் குழுக்களும் ஆடுகிறார்கள். தெருவில் போகிறவர்களுக்கு ஆட்டம் நடப்பதே தெரிவதில்லை. ஆனால் தொடக்கத்தில் இது இப்படி இருக்கவில்லை. மேசையில் ஆடும் விளையாட்டில் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஆட்டக்காரர்கள். நகரையே பலகையாக்கினால், அதன்மேல் நடமாடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆட்டத்தில் இல்லாதவர்கள். அவர்களுக்குத் தொல்லை தராமல், ஏமாற்றுக்கும் இடம் கொடாமல் ஆடுவது எப்படி என்பதற்கு விடை காண நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தேடலின் பெரும்பகுதி பிரிட்டனில், அதிலும் லண்டனில், நடந்தது.

புதைத்து வைத்த பதக்கங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பத்திரிகைகளிடையே விற்பனைப் போட்டி கடுமையாக இருந்தது. 1896 இல் டெய்லி மெயில் நாளிதழைத் தொடங்கிய ஹார்ம்ஸ்வொர்த் சகோதரர்கள், 1903 இல் வீக்லி டிஸ்பாட்ச் என்ற ஞாயிறு இதழையும் வாங்கினர். 1904 இன் தொடக்கத்தில் அந்த இதழ் ஒரு புதையல் வேட்டையை அறிவித்தது. லண்டனிலும் வேறு ஊர்களிலும் பதக்கங்கள் மறைத்து வைக்கப்பட்டன. அவை இருக்குமிடம் பற்றிய குறிப்புகள் இதழில் வந்தன. பதக்கத்தைக் கண்டெடுத்துக் கொண்டு வருபவருக்குப் பணப்பரிசு.

இதழ் கையில் கிடைத்ததும் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினர். மண்வெட்டி, கத்தி, குச்சி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு பூங்காக்களையும் சாலையோரங்களையும் கிளறினர். வேலைவாய்ப்பு அரிதாக இருந்த குளிர்காலம் அது. பரிசுத்தொகை ஒரு தொழிலாளிக்குப் பல மாதச் சம்பளம். எனவே பலருக்கு இது விளையாட்டாக இருக்கவில்லை. பொதுச்சொத்துகள் சேதமடைந்தன, குடியிருப்பவர்கள் புகார் செய்தனர், தோண்டியவர்கள் சிலர்மீது வழக்குகள் வந்தன. கடைசியில் ஆட்டம் நிறுத்தப்பட்டது.

கூட்டத்தின் பேராசையைக் குறை சொல்வது எளிது. ஆனால் கோளாறு ஆட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. பதக்கம் ஒன்று, தேடுபவர்கள் பல்லாயிரம். குறிப்பு தெளிவாக இருந்தால் முதல் மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும், அடுத்த வாரம் இதழ் விற்காது. குறிப்பு மங்கலாக இருந்தால், மூளை விட்ட குறையை மண்வெட்டி நிரப்பும். ஒரு தெருவின் பெயர் வரை ஊகித்தவர் அந்தத் தெரு முழுவதையும் தோண்டத்தான் பார்ப்பார்.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் தோன்றியிருந்தது. டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் புல்வெளியில், எளிதில் போய்ச் சேர முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854 இல் ஒரு கலத்தை வைத்தார். அங்கே வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை; வந்ததற்கு அடையாளம் விட்டுச் செல்வதோடு சரி. எனவே முதலில் வந்தவரால் பின்னால் வருபவருக்கு இழப்பில்லை. பின்னர் ‘லெட்டர்பாக்ஸிங்’ என்று பெயர் பெற்ற இந்த வழக்கம் இன்றும் டார்ட்மூரில் தொடர்கிறது. பத்திரிகை முதலாளிகளின் கண்ணில் இது பட்டதாகத் தெரியவில்லை; பட்டிருந்தாலும் பரிசில்லாத ஆட்டம் அவர்களுக்குப் பயன்பட்டிருக்காது.

கார்களும் லாபி லட்டும்

முதல் உலகப்போர் முடிந்தபின் லண்டனின் செல்வந்தர் வீட்டு இளைஞர்களிடம் இரவு நேரப் புதையல் வேட்டை ஒரு மோகமாகப் பரவியது. ‘பிரைட் யங் பீப்பிள்’ என்று பத்திரிகைகள் பெயரிட்ட இந்தக் கூட்டம், ஒரு துப்பிலிருந்து அடுத்த துப்புக்கு மோட்டார் கார்களில் நகரெங்கும் விரைந்தது. 1924 கோடையில் நாளிதழ்கள் இதைப் பெரிய செய்தியாக வெளியிட்டன. ஒரு வேட்டைக்காகத் துப்பு அடங்கிய பொய்ச் செய்தித்தாள் ஒன்றையே அச்சிட்டதாகவும், இன்னொன்றில் ரொட்டிக்குள் துப்பை வைத்துச் சுட்டதாகவும் கதைகள் உண்டு. தோண்டுவது இங்கே இல்லை. பதிலாக, உறங்கும் தெருக்களில் கார்ச் சத்தம். இருந்தாலும் இந்த ஆட்டம் ஒரு புதுமையைச் செய்தது: ஒற்றைப் புதையலுக்குப் பதிலாகத் துப்புகளின் சங்கிலி. ஓரிடத்தில் அறிந்ததே அடுத்த இடத்துக்கு வழி. இன்றைய நடை விளையாட்டின் எலும்புக்கூடு இதுதான்.

1926 டிசம்பர் 3 அன்று துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி வீட்டைவிட்டுக் கிளம்பிக் காணாமற்போனார். அவரது கார் சரே மாவட்டத்தின் நியூலண்ட்ஸ் கார்னர் அருகே தனியாக நின்றது. காவல்துறையோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பொதுமக்களும் வயல்வெளிகளில் தேடினர். நாளிதழ்கள் ஊகங்களையும் படங்களையும் போட்டு வாசகர்களையே துப்பறிவாளர்கள் ஆக்கின. 11 நாட்களுக்குப் பிறகு யார்க்‌ஷயரின் ஹாரோகேட் நகரில் ஒரு விடுதியில் அவர் வேறு பெயரில் தங்கியிருந்தது தெரிய வந்தது. அவர் அதுபற்றிப் பின்னர் அரிதாகவே வாய் திறந்தார். வேட்டையாடியவர்களுக்கு அது ஓர் ஆட்டம். வேட்டைக்குள்ளானவருக்கு அப்படியிருக்க வழியில்லை: அந்த ஆண்டில்தான் அவர் தாயை இழந்திருந்தார், கணவரும் மணமுறிவு கேட்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து, 1927 ஆகஸ்டில், வெஸ்ட்மின்ஸ்டர் கெசட் நாளிதழ் ஒரு போட்டியைத் தொடங்கியது. கோடை விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குப் போகும் மக்கள் நாளிதழ் வாங்குவதை விட்டுவிடுவார்கள் என்பது அப்போதைய பத்திரிகைகளின் கவலை. அதற்கு மருந்தாக ‘லாபி லட்’ என்ற கற்பனை மனிதர் உருவாக்கப்பட்டார். அந்த இதழின் தந்தி முகவரி ‘லாபி, லட்கேட்’. பெயர் அதிலிருந்து வந்தது. அவர் இன்ன நாளில் இன்ன கடற்கரை ஊரில் இருப்பார் என்று இதழ் சொல்லும், அடையாளக் குறிப்பும் தரும். அவரைக் கண்டுபிடித்து, அன்றைய இதழைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சிட்ட வாசகத்தைப் பிசகாமல் சொல்பவருக்கு 50 பவுண்டு. முதன்முதலில் லாபி லட்டாக நடந்தவர் வில்லியம் சின் என்பவர்.

தோண்டும் தொல்லை இதில் நீங்கியது. எந்த மண்ணும் கிளறப்படவில்லை. ஆனால் தொல்லை மனிதர்கள்மேல் திரும்பியது. அடையாளக் குறிப்புக்குப் பொருந்தும் தொப்பியும் கோட்டும் அணிந்த அப்பாவிகள் கடற்கரையில் அடிக்கடி வழிமறிக்கப்பட்டனர். பரிசு பெறப் பிசகாத வாசகம் வேண்டும் என்ற விதி ஏமாற்றைத் தடுத்ததே தவிர, வழிப்போக்கரைக் காக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கெசட் அடுத்த ஆண்டே வேறொரு நாளிதழோடு இணைந்து மறைந்தது. லாபி லட் மட்டும் அதன் வாரிசு இதழ்களில் பல ஆண்டுகள் நடந்துகொண்டிருந்தார். கிரகாம் கிரீன் 1938 இல் எழுதிய ‘பிரைட்டன் ராக்’ நாவல் இதே போன்ற ஒரு பத்திரிகை ஆளோடுதான் தொடங்குகிறது. அந்தக் கதையில் பரிசுக்காகத் தேடுபவர்களுக்கு நடுவே அவனைக் கொல்லத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டின் உள்ளே இருந்த அச்சத்தை ஒரு நாவலாசிரியர்தான் பார்த்தார்.

நியாய ஆட்டம் என்ற கொள்கை

தெரு ஆட்டம் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், துப்பறியும் கதை தனக்கென ஒரு ஒழுங்கை வகுத்துக்கொண்டது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929 இல் பத்து விதிகளை வெளியிட்டார். துப்பறிவாளர் காணும் துப்புகளை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. 1930 இல் லண்டனில் அமைந்த டிடெக்‌ஷன் கிளப், ஜி. கே. செஸ்டர்டனைத் தலைவராகவும் அகதா கிறிஸ்டி, டாரத்தி சேயர்ஸ் முதலியோரை உறுப்பினராகவும் கொண்டு இந்த மனப்பான்மையை வளர்த்தது. வாசகரும் துப்பறிவாளரும் ஒரே தகவலோடு போட்டியிட வேண்டும். விடை தெரிந்தபின் வாசகர் ‘அடடா, கண்ணெதிரே இருந்ததே’ என்று சொல்ல வேண்டும். பதக்கம் புதைத்த பத்திரிகைக்கு இப்படி எந்தக் கடப்பாடும் இருந்ததில்லை.

1936 இல் டென்னிஸ் வீட்லியும் ஜே. ஜி. லிங்க்ஸும் சேர்ந்து வெளியிட்ட ‘மர்டர் ஆஃப் மயாமி’ இந்தக் கொள்கையைப் பொருள் வடிவில் கொடுத்தது. அது நாவல் வடிவில் இல்லை; காவல்துறைக் கோப்பைப் போல் கட்டப்பட்ட தாள்கள். தந்திகள், கையெழுத்துக் கடிதங்கள், புகைப்படங்கள் இவற்றோடு உண்மையான முடியும், எரிந்த தீக்குச்சியும், கறை படிந்த திரைத்துணித் துண்டும் உள்ளே இருந்தன. விடை கடைசிப் பக்கங்களில் முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தது. வாங்கிய ஒவ்வொருவரும் முழு வழக்கையும் தாமே தீர்க்கலாம். ஒருவர் தீர்த்துவிட்டதால் இன்னொருவருக்கு ஒன்றும் குறையாது. 1939 வரை இப்படி நான்கு கோப்புகள் வெளிவந்தன. இந்த யோசனையை முதலில் சொன்ன லிங்க்ஸ் தொழிலால் கம்பளித்தோல் வணிகர். அவரே பிற்காலத்தில், 1966 இல், வெனிஸ் நகரை நடந்து பார்ப்பதற்கான ‘வெனிஸ் ஃபார் பிளெஷர்’ என்ற வழிநூலை எழுதிப் புகழ்பெற்றார். துப்புக் கோப்பும் நடைவழிநூலும் ஒரே மூளையில் உதித்தும் அவர் இரண்டையும் இணைக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

நீக்கல் முறையைக் கொடுத்தது க்ளூடோ. பர்மிங்காமைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஆன்டனி பிராட், போர்க்காலத்தில் இந்தப் பலகை விளையாட்டை உருவாக்கி 1944 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். லீட்ஸ் நகரின் வாடிங்டன்ஸ் நிறுவனம் 1949 இல் வெளியிட்டது. ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள்: மொத்தம் 324 சேர்க்கைகள். அவற்றில் ஒன்று மட்டுமே உண்மை. ஆட்டக்காரர் குற்றவாளியைத் தேடுவதில்லை. குற்றவாளியாக இருக்க முடியாதவர்களைத் தேடி நீக்குகிறார். தெருவில் ஆடுவதற்கு இது மிகவும் ஏற்றது. ஏனென்றால் ஒரு துப்பு தவறிப்போனாலும் ஆட்டம் முறிந்துவிடாது. கார் வேட்டையின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீக்கல் பட்டியலில் ஒரு கோடு விடுபட்டால் கடைசியில் ஒருவருக்குப் பதில் இருவர் எஞ்சுவர், அவ்வளவே.

தங்க முயலின் பாடம்

இவ்வளவுக்குப் பிறகும் புதையல் ஆசை போகவில்லை. 1979 இல் ஓவியர் கிட் வில்லியம்ஸ் ‘மாஸ்கரேட்’ என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார். அவர் தம் கையால் செய்த, மணிகள் பதித்த 18 காரட் தங்க முயல் ஒன்று பிரிட்டனில் எங்கோ புதைக்கப்பட்டிருந்தது. அதைப் புதைத்தபோது எழுத்தாளர் பாம்பர் காஸ்கோயின் மட்டும் சாட்சியாக உடனிருந்தார். புத்தகத்தின் 15 ஓவியங்களில் வழி ஒளிந்திருந்தது. ஓவியத்தில் உள்ள உயிர்களின் கண்ணிலிருந்து மிக நீண்ட விரல் வழியாகக் கோடு இழுத்தால் அது ஓவிய விளிம்பில் உள்ள ஓர் எழுத்தைத் தொடும். எழுத்துகளைக் கோத்தால் இடம் தெரியும். இடம் பெட்ஃபோர்ட்‌ஷயரின் ஆம்ப்ட்ஹில் பூங்கா. அங்கே எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேதரின் நினைவாக நிற்கும் சிலுவைத்தூணின் நிழல், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளின் நண்பகலில், முயல் புதைந்த இடத்தைத் தொடும்.

புதிராகப் பார்த்தால் இது நாக்ஸின் விதிக்கு உட்பட்டதே: தேவையானது எல்லாம் புத்தகத்தில் இருந்தது. ஆனால் புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது, முயல் ஒன்றுதான். 1904 இன் கதை திரும்பியது. முயலைக் குறிக்கும் ‘ஹேர்’ என்ற சொல் பெயரிலேயே இருந்ததால் குளொஸ்டர்‌ஷயரின் ஹேர்ஸ்ஃபீல்டு பீக்கன் குன்றுக்கு மக்கள் திரண்டனர். அங்கே முயல் இல்லை என்று அறிவிப்புப் பலகை வைக்க வில்லியம்ஸே பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

1982 இல் ஒருவர் முயலை எடுத்தார். அவர் புதிரை முழுதாக விடுவிக்காதது அப்போதே தெரிந்தது. அதிர்ஷ்டசாலி என்று நினைத்தார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் சரியான விடையை முழுமையாகக் கண்டு எழுதி அனுப்பினார்கள். அவர்கள் அந்த இடத்தில் தோண்டியும் முயல் இருந்த உறை கண்ணில் படாமல் போயிருந்தது. 1988 டிசம்பரில் சண்டே டைம்ஸ் உண்மையை வெளியிட்டது: முயலை எடுத்தவர் புனைபெயரில் வந்தவர், வில்லியம்ஸின் முன்னாள் தோழி வழியாக இடத்தைப் பற்றிய உள்தகவல் அவருக்குக் கிடைத்திருந்தது. அதே மாதம் முயல் சாதபி ஏலத்தில் 31,900 பவுண்டுக்கு விலைபோனது. ஆசிரியர்கள் இருவருக்கும் கிடைத்தது, புதிரை விடுவித்தவர்கள் தாங்களே என்ற பெயர் மட்டும்.

ஒற்றைப் புதையல் இருக்கும்வரை நியாய ஆட்டம் நிலைக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பரிசு பெரிதானால் புதிரை விடுவிப்பதைவிடப் புதிர் போட்டவரைச் சுற்றி வருவது சுலபம். பிந்தைய நடை விளையாட்டுகளில் தங்கம் மறைந்து, உறையில் மூடிய விடை மட்டும் எஞ்சியதற்கு இந்த அனுபவம் போதிய காரணம்.

செயற்கைக்கோளும் பெட்டியும்

2000 மே 1 அன்று அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நீக்குவதாக அறிவித்தது. அன்றிரவே சாதாரணக் கருவிகளின் பிழை ஏறத்தாழ 100 மீட்டரிலிருந்து சுமார் 20 மீட்டருக்குள் வந்தது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களையும் பதிவேட்டையும் வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், பெயரைப் பதிய வேண்டும் என்பது விதி. ‘ஜியோகேஷிங்’ பிறந்தது இப்படித்தான். டார்ட்மூரின் கலம் செயற்கைக்கோளின் துணையோடு உலகம் சுற்றக் கிளம்பியது என்று சொல்லலாம்.

காட்டுக்கும் மலைக்கும் பொருந்திய இந்த முறை நகருக்குள் வந்தபோது சிக்கலானது. மறைத்து வைத்த பெட்டி, அதைச் சுற்றித் திருட்டுப் பார்வையோடு நடமாடும் ஆள்: இரண்டும் சேர்ந்தால் நகரவாசி வேறு எதையோ நினைப்பார். 2011 ஜூலையில் யார்க்‌ஷயரின் வெதர்பி நகரில் ஓர் உணவகத்துக்கு வெளியே இருந்த சிறு பெட்டி வெடிகுண்டு என்று அஞ்சப்பட்டு, சுற்றுப்புறம் காலி செய்யப்பட்டு, ராணுவத்தினரால் வெடிக்கச் செய்யப்பட்டது. உள்ளே இருந்தது விளையாட்டுப் பெட்டி. 1904 இல் மண்வெட்டி செய்ததை இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா செய்தது. நகரில் எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்ற முடிவுக்கு வர வேறு சான்று வேண்டியதில்லை.

வழிப்போக்கரை வேறு விதமாகப் பார்த்த முயற்சியும் உண்டு. பிளாஸ்ட் தியரி என்ற கலைக்குழு நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வகத்தோடு சேர்ந்து 2003 இல் லண்டனில் ‘அங்கிள் ராய் ஆல் அரவுண்ட் யூ’ என்ற ஆட்டத்தை நடத்தியது. ஆட்டக்காரர் பை, பணப்பை, கைபேசி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, கையடக்கக் கணினி ஒன்றோடு தெருவில் இறங்க வேண்டும். ராய் மாமாவின் அலுவலகத்தை 60 நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இணையத்தில் இருக்கும் முகம் தெரியாதவர்கள் உதவுவார்கள், அல்லது குழப்புவார்கள். எதிரே வருபவர் ஆட்டத்தில் இருப்பவரா இல்லையா என்பது தெரியாது. கடைசியில், அறிமுகமற்ற ஒருவருக்கு ஓராண்டுக் காலம் நெருக்கடி வந்தால் துணைநிற்கச் சம்மதமா என்று கேட்கப்படும். லாபி லட்டின் கடற்கரையில் அந்நியர் என்றால் பிடிக்க வேண்டிய ஆள். இங்கே அந்நியர் என்றால் நம்ப வேண்டிய ஆள். அழகான சிந்தனைதான். ஆனால் அதை நடத்த ஆட்களும் கருவிகளும் நிறைய வேண்டும், எனவே அது பரவவில்லை.

வைக்காமலும் எடுக்காமலும்

பரவியது இதைவிட எளிய முறை. நகரில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவற்றையே துப்பாகப் பயன்படுத்துவது. அடிக்கல், சிலைப் பீடம், கடிகாரக் கோபுரம், போர் நினைவுத்தூணின் பெயர்ப் பட்டியல், மதுவிடுதியின் தொங்கு பலகை. ஆட்டத்தை அமைப்பவர் ஒரு நாள் நடந்து இவற்றைக் குறித்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து கதையைப் பின்னுகிறார். ஆட்டக்காரர் வந்து வாசித்துவிட்டுப் போகிறார். தோண்டுவதில்லை, ஒளித்து வைப்பதில்லை, யாரையும் மறிப்பதில்லை. ஒரே துப்பை ஒரே நாளில் நூறு பேர் வாசிக்கலாம்.

லண்டனுக்கு இதில் தனி வசதி உண்டு. புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை பதிக்கும் திட்டம் அங்கே 1866 இலேயே தொடங்கிவிட்டது. இன்று ஏறத்தாழ 1,000 அதிகாரபூர்வ நீலப் பலகைகள் உள்ளன. இறந்து குறைந்தது 20 ஆண்டுகள் ஆனவருக்கே பலகை, அதுவும் அவர் வாழ்ந்த கட்டடம் இன்னும் நின்றால் மட்டும். பெயர், தொழில், ஆண்டுகள் என்று சுருக்கமாக இருப்பதால் புதிர் அமைப்பவருக்கு இவை வரம். கவனிக்க வேண்டிய விதிவிலக்கும் ஒன்று உண்டு: பேக்கர் தெருவில் 221பி என்ற எண்ணோடு ஷெர்லாக் ஹோம்ஸுக்கு இருக்கும் நீல வட்டப் பலகை அந்தத் திட்டத்தைச் சேர்ந்ததில்லை. 1990 இல் திறந்த அருங்காட்சியகத்தின் வாசல் அது. அந்தக் கட்டடம் உண்மையில் 237 க்கும் 241 க்கும் இடையே நிற்கிறது. பிறக்காத மனிதருக்குப் பலகை, இல்லாத எண்ணில். கவனமில்லாத துப்பறிவாளருக்கு இதைவிட நல்ல பொறி வேறில்லை.

ஜப்பானில் இதே எண்ணம் வேறு வழியில் வந்தது. கியோட்டோவில் 2007 இல் தகாவோ காட்டோ தொடங்கிய ‘தப்பிக்கும் அறை’ ஆட்டங்கள் உலகெங்கும் பரவின. அவரது ஸ்கிராப் நிறுவனம் 2014 முதல் டோக்கியோ மெட்ரோவோடு சேர்ந்து சுரங்க ரயிலையே களமாகக் கொண்ட ஆட்டத்தை நடத்திவருகிறது. வாங்கும் பெட்டியில் புதிர்த் தாள்களோடு நாள் முழுவதும் செல்லும் பயணச்சீட்டும் இருக்கும். நேர எல்லை கிடையாது. அன்றாடம் பல லட்சம் பேர் அவசரமாகப் போகும் நிலையங்களில் ஓட்டப்பந்தயம் வைக்க முடியாதல்லவா. மெட்ரோவுக்குப் பயணிகள், ஆட்டக்காரருக்கு அறியாத நிலையங்கள், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை.

2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் தப்பிக்கும் அறைகள் மூடப்பட்டபோது, திறந்த வெளியில் தனிக் குழுவாக ஆடக்கூடிய நடை விளையாட்டுகளுக்குப் புது வாய்ப்பு அமைந்தது. அதற்கென மாற்ற வேண்டியது எதுவும் அவற்றில் இருக்கவில்லை.

உண்மைக் குற்றம்

தெருவை வாசிக்கும் ஆட்டத்திலும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: குற்றத்தை எங்கிருந்து எடுப்பது? லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 1888 இல் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர்: மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சேப்மன், எலிசபெத் ஸ்ட்ரைடு, கேதரின் எடோவ்ஸ், மேரி ஜேன் கெல்லி. கொலையாளி ஒருபோதும் பிடிபடவில்லை. ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயர் மட்டும் நிலைத்து, அந்தத் தெருக்கள் சுற்றுலாப் பொருளாயின. 2015 இல் கேபிள் தெருவில் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் என்ற பெயரில் அனுமதி பெற்று ரிப்பர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அப்பகுதி மக்கள் போராடினர். வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்டு 2019 இல் வெளியிட்ட ‘தி ஃபைவ்’ நூல், கொலையாளியை விட்டுவிட்டு அந்த ஐவரின் வாழ்வை மட்டும் எழுதி அந்த ஆண்டின் பெய்லி கிஃபர்டு பரிசைப் பெற்றது.

இறந்தவர்களும் ஆட்டத்தில் சேரச் சம்மதிக்காதவர்கள்தாம். பெரும்பாலான நடை விளையாட்டுகள் கற்பனைக் குற்றத்தைத் தேர்வதில் இந்த நியாயமும் இருக்கிறது. உண்மைக் கொலையில் நீக்கல் பட்டியல் கடைசியில் ஒருவரில் முடியும் என்ற உறுதியும் இல்லை. வைட்சேப்பல் வழக்கில் 130 ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரையும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

மாறும் துப்புகள்

எதையும் வைக்காமல் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு. துப்புகள் ஆட்டத்தை அமைத்தவருக்குச் சொந்தமில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டினால் அடிக்கல் மறையும். கடை கைமாறினால் பெயர்ப்பலகை மாறும். எனவே வழித்தடத்தை அவ்வப்போது மீண்டும் நடந்து சரிபார்ப்பது இந்தத் தொழிலின் தீராத வேலை. பிரிஸ்டல் நகர மையத்தில் 1895 முதல் நின்ற எட்வர்டு கோல்ஸ்டன் சிலையின் பீடம் எந்தப் புதிர் அமைப்பவருக்கும் கைக்கெட்டிய துப்பாக இருந்திருக்கும். அடிமை வணிகத்தில் பணம் சேர்த்த அவரது சிலையை 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் கயிறு கட்டி வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர். பின்னர் அது மீட்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. லண்டனின் முதல் நினைவுப் பலகைக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 1867 இல் ஹோலஸ் தெருவில், கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் அது பதிக்கப்பட்டது. 1889 இல் அந்த வீடு இடிக்கப்பட்டது.